ரிப்பன் கட்டிய மெஷினும் ஷ்வேப்யிதா குழந்தையும்

ரங்கூனுக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். மாமியாருக்குத் தேக்கில் ஒரு பூஜை அலமாரி. நாத்தனாருக்கு மாணிக்கக் கல் தோடு. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ரங்கூன் அரிசி இன்னும் விளைகிறதா என்று நேரில் பார்த்து வரச் சொன்னார். எதற்காகப் போகிறாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்: "கைக்குழந்தைங்களுக்கு ஹெச்.ஐ.வி. இருக்கான்னு பார்க்கிற மெஷினை அங்கே பொருத்தி, எப்படி ஓட்டுறதுன்னு சொல்லிக் கொடுக்கப் போறேன்." நாத்தனார் தன் காப்பி டம்ளரைச் சத்தமில்லாமல் மேஜையின் மறுகோடிக்கு நகர்த்தினாள். சென்னையில் பல வருடமாக நான் பார்ப்பதும் இதே வேலைதான், அவள் என் கையால் காப்பி குடிப்பதும் பல வருடமாகத்தான். தோடு விஷயத்தில் மட்டும் அவள் மனம் மாறவில்லை.

விமான நிலையத்துக்கு என்னை அழைக்க வந்தவர் காசிம் பாய். நான் போகிற கிளினிக்கின் டிரைவர். மொழிபெயர்ப்பாளரும் அவரேதான், இரண்டுக்கும் சேர்த்து ஒரே சம்பளம். அவருடைய பாட்டனார் கீழக்கரைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து துணிக்கடை வைத்தவராம். "தங்கச்சி, ரங்கூன்ல எல்லா வண்டியும் ரோட்டுக்கு வலப்பக்கம்தான் போகும். ஆனா ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான் இருக்கும். அதனால முன்னால வர்றது எனக்குத் தெரியாது. நீங்க இடப்பக்கம் ஒக்காந்து பாத்து சொல்லணும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முதல் லாரியை முந்தும்போதே "வருதா? வருதா?" என்று கேட்டார். ஊர் போய்ச் சேருவதற்குள் பாதி டிரைவர் வேலையை நான் கற்றுக்கொண்டுவிட்டேன்.

பசிக்கிறது என்றேன், ஒரு டீக்கடையில் நிறுத்தினார். முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத பிளாஸ்டிக் முக்காலிகள். உட்கார்ந்ததும் பின்னாலிருந்து யாரோ 'இச் இச்' என்று முத்தம் கொடுக்கும் சத்தம். திரும்பி முறைத்தேன். ஒரு பெரியவர் பரிமாறுகிற ஆளைக் கூப்பிடுகிறார். அந்த ஊரில் அதுதான் வழக்கமாம். சென்னை ஓட்டலில் அப்படி ஒருவர் கூப்பிட்டால் டீ வராது, போலீஸ்தான் வரும். மொஹிங்கா வந்தது. மீன் குழம்பில் அரிசி சேமியாவைப் போட்டுக் காலையிலேயே தருகிறார்கள். மூக்கைச் சுளித்துக்கொண்டு ஆரம்பித்தவள் இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கினேன். பர்மா பஜார் பக்கத்தில் நாம் சாப்பிடும் அத்தோவைப் பற்றி விசாரித்தால், "அத்தோன்னா கலவைங்க. எதோட கலவை?" என்று பாய் திருப்பிக் கேட்கிறார். ஒரு சேமியாவை வைத்துக்கொண்டு பர்மாவையே தெரியும் என்று இத்தனை நாள் நாம்தான் பீற்றிக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் காலை கிளினிக்கை ஒட்டிய லேபுக்குப் போனேன். மெஷின் எனக்கு முன்பே வந்திருந்தது. அதன் இடுப்பைச் சுற்றி அகலமான ரோஸ் நிற சாட்டின் ரிப்பன், முன்பக்கம் பெரிய பூ முடிச்சு. நலங்குக்கு உட்கார வைத்த பெண்ணைப் போல இருந்தது.

இந்த மெஷின் எதற்கு என்று இங்கே சொல்லிவிடுகிறேன். தாய்க்கு ஹெச்.ஐ.வி. இருந்தால் அவள் ரத்தத்தில் ஊறிய எதிர்ப்புப் பொருள் குழந்தைக்கும் போய்ச் சேரும். சாதாரணப் பரிசோதனை அந்த எதிர்ப்புப் பொருளைத்தான் பார்க்கும், அதனால் கிருமி தொற்றாத குழந்தைக்கும் 'இருக்கிறது' என்று காட்டிவிடும். அது உடம்பைவிட்டுப் போக ஒன்றரை வயதாக வேண்டும். ஆனால் உண்மையிலேயே தொற்றிய குழந்தைகளில் பல, மருந்து இல்லாமல் அந்த வயதைத் தொடுவதே இல்லை. மெஷின் வைரஸையே நேராகத் தேடிப் பிடிக்கும், ஆறு வார வயதிலேயே பார்த்துவிடலாம். குதிகாலில் ஒரு குத்து, நாலைந்து சொட்டு ரத்தம், அதை வாங்கிக்கொள்ள ஒரு தடித்த வடிதாள் அட்டை. அவ்வளவுதான் வேலை.

"இன்றே ஓட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். லேபின் தலைவரை எல்லோரும் சயாஜீ என்று அழைத்தார்கள், பெரிய வாத்தியார் என்கிற அளவுக்கு மரியாதை. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பாய் மொழிபெயர்த்தார்: "பெரிய விருந்தாளி வந்து ரிப்பன் வெட்டணுமாம். அவருக்கு முன்னால நாம தொட்டா மரியாத இல்லையாம்." எப்போது வருவார்? அதை அவருடைய ஜோசியர்தான் குறிக்க வேண்டுமாம். முன்பு ஒரு நாள் குறித்து, மெஷினைத் துடைத்து வைத்து, பிறகு அந்த நாள் ஆகாது என்று தள்ளிப் போட்டாயிற்றாம். நம் ஊரில் பாலம் கட்டி முடித்துத் திறப்பு விழாவுக்காக இரு முனையிலும் தடுப்பு போட்டு வைப்பார்களே, அதை நினைத்துக்கொண்டேன். பாலமாவது காத்திருந்தால் துருதான் பிடிக்கும்.

மெஷினைத் தொடக் கூடாது என்றால் குழந்தைகளையாவது தொடுகிறேன் என்று ரத்தம் எடுக்கும் பயிற்சியைத் தொடங்கினேன். லேப் பணியாளர் மா சூ கெட்டிக்காரி. கன்னத்தில் வட்டமாகத் தனக்கா மரப்பட்டைச் சாந்து, வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. அன்று வந்த தாய்மார்களில் கடைசியாக ஒருத்தி. துப்புரவான லுங்கி, களைத்த முகம், தோளில் மெலிந்த ஆண் குழந்தை. கிளினிக்கில் மா சாண்டா என்று பெயர் கொடுத்திருந்தாள். நான் பாயிடம் தமிழில் பேசுவதைக் கேட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா மெட்ராசா? என் வீட்டுப் பேரு செல்வி. தமிழ் கொஞ்சம்தான் வரும், ஏசாதீங்க."

ரங்கூன் ஓரத்திலிருக்கும் ஷ்வேப்யிதாவில் உடுப்புத் தைக்கும் ஆலையில் வேலை. கணவன் இந்தக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே இறந்துவிட்டான். அவளுக்கு இப்போது கிளினிக்கில் மாத்திரை கொடுக்கிறார்கள். "இவனுக்கு மேல ஒருத்தன் இருந்தான் அக்கா. அவனுக்கு ஒண்ணரை வயசு ஆனப்பறம் கொண்டா, அப்பத்தான் பாத்தா தெரியும்னு சொன்னாங்க. நான் நாளைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அவன் இருக்கல." குழந்தையின் காலுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். அழவில்லை. நான்தான் கையுறையோடு கண்ணைத் துடைக்க முடியாமல் முழித்தேன்.

"இவனும் பாலைக் கக்குறான், எடை ஏறல. இவனையும் நாள் எண்ணச் சொல்லிறாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். இடுப்பில் ரிப்பன் கட்டிய மெஷின் பக்கத்து அறையில் இருந்தது.

அட்டைகளைத் தாங்கியில் செருகி மேஜைமேல் காய வைத்தோம். ரத்தப் பொட்டு வெறும் காற்றில் பல மணி நேரம் காய வேண்டும், எதன்மீதும் படக் கூடாது, ஈரத்தோடு மூடக் கூடாது. ரங்கூன் மழைக்காலத்தில் துவைத்த துணியே அமாவாசைக்கு அமாவாசைதான் காயும். அதனால் மறுநாள் வரை தொடாதீர்கள் என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டுப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் மேஜை பளபளவென்று இருந்தது. வெள்ளை விரிப்பு, அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா வைத்த ஜாடி. விருந்தாளிக்கு முன்னோட்டம் பார்க்கும் குழு சாயங்காலம் வந்ததாம். ரத்தக் கறை அட்டைகள் பார்வைக்கு அசிங்கமாக இருக்கின்றன என்று அவர்கள் சொன்னதும், நிர்வாக அலுவலர் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து, ஜாடிக்கு அடியில் சமமாகப் பரப்பியிருந்தார். ஜாடி ஆடாமல் நின்றதில் அவருக்குப் பெருமை வேறு. நமத்துப்போன அப்பளம்போல அட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு குழந்தையின் ரத்தம் அடுத்த குழந்தையின் பொட்டில் ஏறியிருந்தது. ஒன்றுகூடத் தேறாது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தமிழிலேயே கத்தினேன். பாய் ஒரு வரியாகச் சுருக்கி மொழிபெயர்த்தார். "என்ன சொன்னீங்க?" என்று பிறகு கேட்டேன். "மேசை ரொம்ப அழகா இருக்கு, ஆனா கொஞ்சம் வருத்தம்னு சொன்னேன்" என்றார். வேலை போகக் கூடாது அல்லவா அவருக்கும்.

மற்றத் தாய்மார்கள் பக்கத்துப் பேட்டைகளில் இருப்பவர்கள், திரும்ப வரவழைக்கலாம். செல்வி ஒருநாள் லீவுக்கே மேஸ்திரியிடம் கெஞ்சிவிட்டு வந்தவள். போன் கிடையாது. நாமே போகலாம் என்றேன். பாய் வண்டியைக் காட்டினார். இரு கதவிலும் எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சின்னம், ஆள் உயரத்துக்கு. இந்த வண்டி எந்தத் தெருவில் நிற்கிறதோ அந்தத் தெருவுக்கே விஷயம் விளங்கிவிடும். நோயாளிகளின் ரகசியம் காக்கப்படும் என்று பின்கண்ணாடியில் ஒட்டியிருந்தது. இதை வடிவமைத்தவருக்கு யாரோ ஒரு கேடயம் கொடுத்திருப்பார்கள்.

பாய் வீட்டுக்குப் போய்த் தன் லுங்கிகளில் இரண்டைக் கொண்டுவந்து கதவுகளின்மேல் தொங்கவிட்டு, கண்ணாடியை ஏற்றி இறுக்கினார். துணி காயப்போட்ட வண்டியில் ஷ்வேப்யிதா போனோம். மழை பிடித்துக்கொண்டது. வண்டியின் தரையில் ஒரு ஓட்டை, ஒவ்வொரு பள்ளத்திலும் தெருத் தண்ணீர் நீரூற்றாக மேலே வந்தது. ஆலைகளைத் தாண்டியதும் வண்டி நுழையாத சந்து. சைக்காவில் ஏறினோம். அந்த ஊர் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஓட்டுபவருக்குப் பக்கவாட்டில் இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். பாய் போகும் வழியைப் பார்த்தார், நான் வந்த வழியைப் பார்த்தேன்.

மா சாண்டா வீடு எது என்று கேட்டோம். உடனே கூட்டிப்போனார்கள். சுரைக்காய் பஜ்ஜி போடுகிற, அறுபது வயது, நல்ல பருமனான மா சாண்டா! அவளுக்கு எங்களைப் பிடித்துப்போய்விட்டது. சாப்பிடாமல் விடமாட்டேன் என்றாள். பஜ்ஜி பிரமாதம், புளிக் கரைசலில் தோய்த்துத் தின்றேன். ஆனால் நாங்கள் தேடுகிற மா சாண்டா தமிழ்ப் பெண் என்று பாய் விளக்கியதும், "அந்தக் கலாப் பெண்ணா? அவளை எதற்கு?" என்று கேட்டாள். கலா என்பது நம்மவர்களை அங்கே இளக்காரமாகச் சொல்லும் பெயர். அக்கம்பக்கம் நாலு பேர் காதைத் தீட்டினார்கள். நான் கையிலிருந்த பஜ்ஜியைக் கீழே வைத்தேன்.

பாய் அசரவில்லை. என்னைக் காட்டிப் பர்மியில் ஏதோ சொன்னார். எல்லோரும் "ஓ!" என்றார்கள்.

"என்ன பாய் சொன்னீங்க?"

"நீங்க அதோட சித்தி, மெட்ராஸ்லேருந்து பாக்க வந்திருக்கீங்கன்னு சொன்னேன். இனிமே கொஞ்சம் சித்தி மாதிரி இருங்க."

சித்தியைப் பார்க்க ஊர்வலமே கூட வந்தது. செல்வி அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் நின்றிருந்தாள். கூட்டத்தையும் என்னையும் பார்த்து முகம் வெளுத்துப்போனது. "என்னம்மா செல்வி, சித்தியை மறந்துட்டியா?" என்றேன். என் குரல் எனக்கே நாடகமாகக் கேட்டது. அவள் கண் பாயிடம் போய்த் திரும்பியது. பிறகு, "வாங்க சித்தி, வழி தெரிஞ்சிச்சா?" என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "மேசைக்கு அடியிலயா வச்சாங்க?" என்று கேட்டாள். "ஜாடிக்கு அடியில" என்றேன். குழந்தையை மடியில் போட்டுக் காலை நீட்டிப் பிடித்தாள். குமரன் என்று பெயர். குத்தியதும் சந்தே அதிரும்படி வீரிட்டான். வெளியிலிருந்து பஜ்ஜிக்கார மா சாண்டா ஏதோ கேட்டாள். செல்வி பதில் சொன்னதும் வெளியே ஒரே சிரிப்பு.

"என்ன கேட்டா?"

"புள்ள ஏன் கத்துதுன்னு. மெட்ராஸ் சித்தி மூஞ்சியைப் பாத்து பயந்துட்டான்னு சொன்னேன்" என்றாள். அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

திரும்பும்போது அட்டைத் தாங்கியை மடியில் வைத்துக்கொண்டேன். மூடவும் கூடாது, நனையவும் கூடாது. தரை ஓட்டையில் தண்ணீர் பீச்சும்போதெல்லாம் தாங்கியைத் தலைக்கு மேல் தூக்கினேன். "வருதா? வருதா?" என்று பாய் கேட்க, ஒரு கண் லாரியிலும் ஒரு கண் அட்டையிலுமாக ரங்கூன் வந்து சேர்ந்தேன். அட்டையை என் ஓட்டல் அறையிலேயே காய வைத்தேன். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்பினேன். சுத்தம் என்ற சொல்லையே நான் நம்புவதை விட்டிருந்தேன்.

விருந்தாளியின் நாள் ஒருவழியாகக் குறிக்கப்பட்டது. ஒன்பது மணியைத் தாண்டிச் சரியாக ஒரு நிமிடமாம், அதை விட்டால் அந்த மாதத்தில் வேறு இல்லையாம். விழாவுக்குப் பிறகு அன்றைக்கே எனக்கு விமானம். அதாவது ரிப்பன் வெட்டியபின் மெஷினை ஓட்ட நான் இருக்க மாட்டேன், மா சூவுக்கோ ஒருமுறைகூட ஓட்டிப் பழக்கமில்லை. மன்றாடிப் பார்த்தேன். குழந்தைகள் என்றேன், எடை என்றேன். சயாஜீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், ஆனால் மரியாதை என்ற இடத்திலேயே நின்றார். விழாவுக்கு முதல் நாள் காலையில் வேறு விதமாக ஆரம்பித்தேன்.

"பாய், சயாஜீகிட்ட கேளுங்க. விருந்தாளி பட்டனை அழுத்துறப்ப மெஷின்ல சிவப்பு விளக்கு எரிஞ்சு கூச்சல் போட்டா, யார் பதில் சொல்றது?"

பாய் இதை மட்டும் சுருக்காமல் மொழிபெயர்த்தார். சயாஜீயின் முகம் மாறியது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். ரிப்பனை வெட்டாமல், முடிச்சும் கலையாமல் கழற்ற முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். மா சூ வளையலைக் கழற்றுவதுபோல நாசூக்காக உருவி எடுத்தாள். நாங்கள் திரும்ப ரத்தம் எடுத்திருந்த எல்லா அட்டைகளையும் ஓட்டினோம். மா சூ ஓட்ட, நான் பக்கத்தில் நின்றேன். சாயங்காலம் முடிவுகள் வந்தன. மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் வைரஸ் இல்லை. குமரனுக்கு இருந்தது.

மா சூ ரிப்பனைத் திரும்ப மாட்டி, முடிச்சை நீவிவிட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கோபம், யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மருந்து பக்கத்துக் கட்டடத்தில்தான் இருந்தது. பாய் அப்போதே லுங்கி கட்டிய வண்டியில் ஷ்வேப்யிதா போய், சித்தி ஊருக்குக் கிளம்புகிறாள், காலையில் வந்து வழியனுப்பு என்று செல்வியிடம் சொல்லிவிட்டு வந்தார்.

விழா நாளில் நோயாளிகள் யாரும் வரக் கூடாது என்று உத்தரவு. கிளினிக்கின் திறப்பு விழாவில் நோயாளி இருந்தால் பார்க்க நன்றாக இருக்காதாம். முன்வாசலில் தோரணம், பட்டு லுங்கி கட்டிய பெண்கள், வெல்வெட் தட்டில் பொன்முலாம் பூசிய கத்தரி. செல்வியைப் பின்வாசல் வழியாக, ஜெனரேட்டரைத் தாண்டி மருந்து அறைக்கு அழைத்துவந்தோம். குழந்தைகள் டாக்டர் ஒரு இளம் பெண். அவர் பர்மியில் சொல்ல ஆரம்பித்தார். செல்வி என்னைத்தான் பார்த்தாள்.

"இருக்கும்மா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "அப்ப மருந்து இன்னிக்கே குடுப்பாங்களா? இன்னொரு நாள் வரச் சொல்ல மாட்டாங்களே?" என்று கேட்டாள்.

"இன்னிக்கே. இப்பவே."

டாக்டர் அளவைச் சொல்லிக் காட்டினார். இன்னொரு முறை ரத்தம் எடுத்து உறுதி செய்வோம், அதற்காக மருந்து காத்திருக்காது என்றார். மருந்துப் புட்டி திறந்தது. அளந்து ஊற்றும் பிளாஸ்டிக் சிரிஞ்சு மட்டும் தடித்த உறைக்குள் இருந்தது, அதைக் கிழிக்க முடியவில்லை. டாக்டர் நகத்தால் முயன்றார், நான் பல்லால் கடித்தேன், பாய் சாவியால் குத்தினார். கத்தரி வைத்திருந்த இழுப்பறையை விழாவுக்காகப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தார் நிர்வாக அலுவலர். மா சூ எங்களைப் பார்த்தாள், வெளியே ஓடினாள், பொன்முலாம் கத்தரியோடு திரும்பி வந்தாள்.

அந்த நேரத்தில்தான் முன்பக்கம் விருந்தாளி ரிப்பன்முன் நின்று வலக்கையை நீட்டியிருக்கிறார். வெல்வெட் தட்டில் வெல்வெட் மட்டும் இருந்திருக்கிறது. பேண்டு வாத்தியம் நின்றது. சயாஜீயின் குரல் எட்டுக்கட்டைக்கு ஏறி "கத்தரி! கத்தரி!" என்று கேட்டது. அவர் பர்மியில் கத்தியது கத்தரி என்றுதான் என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"நிமிஷம் போவுது தங்கச்சி" என்றார் பாய்.

"போகட்டும்" என்றேன். உறையை வெட்டினேன். டாக்டர் மருந்தை உறிஞ்சி, குமரனின் கன்னத்துக்குள் மெதுவாக விட்டார். கசப்பில் அவன் உடம்பையே முறுக்கினான். கொஞ்சம் வழிந்தது, செல்வி அதை விரலால் வழித்து மறுபடியும் வாய்க்குள் தள்ளினாள். அவன் விழுங்குகிறானா என்று ஐந்து பேரும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். விழுங்கினான். மா சூ கத்தரியைத் தன் லுங்கியில் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் பெரிய கைதட்டல் எழுந்தது. பேண்டு மறுபடி தொடங்கியது. ஒலிபெருக்கியில் யாரோ இன்று முதல் என்று ஆரம்பித்து முழங்கினார்கள். செல்வி குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொடுத்தபடி சத்தம் வந்த பக்கம் திரும்பினாள்.

"ஏன் சித்தி அங்க எல்லாரும் கை தட்டுறாங்க?"

"உன் மகன் மருந்தை முழுங்கிட்டான்ல, அதுக்குத்தான்" என்றேன்.